பழைய பைக்கில் கம்ப்ரஷன் குறைவா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை, வரிசைப்படி

கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் காலோடு கீழே போகிறது. காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சூடான பிறகு அணைந்தால் மறுபடி பிடிப்பதில்லை. மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது. இப்படி ஒரு பழைய வண்டியைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்ரஷன் போச்சு, போர் பண்ணணும்."

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். போர் என்பது சிலிண்டரின் உட்துளை, அதைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் பண்ணுவது. அப்படிச் சொல்லப்பட்ட பல வண்டிகளில் போருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டாப்பெட் (வால்வு முனையில் விடும் இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) இறுகியிருக்கும், டெகம்ப்ரஷன் (கிக் அடிக்க எளிதாக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் அளந்த முறையே தப்பாக இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது கருவியில் இல்லை, வரிசையில்தான். அவசரப்பட்டு ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியைத் திறந்தால் அதன் அடியில் உள்ள கேஸ்கெட் பெயர்ந்துவிடும், வால்வு சீட்டில் சிக்கியிருந்த கரித்துண்டு உதிர்ந்துவிடும், காற்று எங்கே கசிந்தது என்பதற்கான தடயம் அதோடு போய்விடும். அதனால் கழற்றாமல் பார்க்க முடிந்ததை எல்லாம் முதலில் பார்க்க வேண்டும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் காற்றால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. டூ-ஸ்ட்ரோக்குக்கு எங்கே வேறுபடுகிறது என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கம்ப்ரஷன் கேஜ். பிளக் ஓட்டையில் திருகி மாட்டும் வகைதான் வேண்டும். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையை, ஒரு காலால் கிக்கரை உதைத்துக்கொண்டே ஒரே மாதிரி அழுத்திப் பிடிக்க யாராலும் முடியாது. ஓரத்தில் காற்று போகும், எண் குறையும், நீங்கள் எஞ்சினைச் சந்தேகிப்பீர்கள்.

கேஜ் வாங்கும்போது அதன் ஒருவழி வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிளக் ஓட்டைக்குள் போகும் முனையிலேயே இருக்க வேண்டும். மேலே, மீட்டர் பக்கம் இருந்தால் நடுவில் உள்ள ஹோஸ் முழுவதும் எரியறையின் கொள்ளளவோடு சேர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 சிசி எஞ்சின், கம்ப்ரஷன் விகிதம் 9:1 என்றால் எரியறை 12.5 சிசிதான். 5 மி.மீ. உள்விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஹோஸ் கிட்டத்தட்ட 6 சிசி. அதைச் சேர்த்தால் 9:1 விகிதம் 6.4:1 ஆகிவிடுகிறது. நல்ல எஞ்சின் செத்த எஞ்சின் மாதிரி காட்டும். 350 சிசி சிங்கிளில் இந்தப் பாதிப்பு குறைவு, சின்ன எஞ்சினில்தான் ஏமாற்றும்.

அடாப்டர். பெரும்பாலான பழைய பைக்குகளில் பிளக் மரை 14 மி.மீ., சில சின்ன எஞ்சின்களில் 10 அல்லது 12, மிகப் பழையவற்றில் 18. விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது, நீளமும் பொருந்த வேண்டும். 12.7 மி.மீ. மரை உள்ள ஹெட்டில் 19 மி.மீ. அடாப்டரை முழுக்கத் திருகினால் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். கழற்றிய பிளக்கையும் அடாப்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டே மாட்டுங்கள்.

மற்றவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச், எஞ்சின் ஆயில், டார்ச், துணி, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல், எழுதிவைக்க ஒரு தாள். தாள் முக்கியம். இரண்டு அளவு எடுத்ததும் எது எதற்கு என்று மறந்துவிடும்.

2. கேஜை எடுக்கும் முன் டாப்பெட்டைப் பாருங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. டாப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது. அப்போது வரும் எண்ணும் சத்தமும் எரிந்துபோன வால்வுக்கு வருவது போலவே இருக்கும். ஐந்து நிமிட வேலைக்குப் பதிலாக ஹெட் இறங்கிவிடும்.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், இரவு நிறுத்தி மறுநாள் காலையில் பார்ப்பது நல்லது. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்லெட் வால்வு திறந்து மூடிய பிறகு பிஸ்டன் மேலே ஏறி வந்து நிற்கும் இடம்தான் கம்ப்ரஷன் பக்கத்து டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை. பிளக் ஓட்டையில் விரலை வைத்தால் காற்று விரலைத் தள்ளும்.

இங்கே ஒரு வழக்கமான தப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வரும். மேக்னட்டில் உள்ள குறியை மட்டும் நம்பி, எக்ஸாஸ்ட் முடியும் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அங்கே இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்தே இருக்கும். டாப்பெட் இறுக்கமாகத் தெரியும், அதைத் தளர்த்துவீர்கள், அப்புறம் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் லேசான ஆட்டம் இருந்தால் சரியான இடம். ஒன்றில்கூட ஆட்டமே இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அது இறுகிய டாப்பெட்தான்.

அளவு மேனுவலில் உள்ளபடி. சில பழைய புஷ்ராட் எஞ்சின்களில் ஃபீலர் அளவே கிடையாது. புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்பதுதான் அளவு. மேனுவலில் அப்படி இருந்தால் அப்படியே செய்யுங்கள், கூடுதலாக இருக்கட்டும் என்று நீங்களாக இடைவெளி விடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் இறுகும். வால்வும் சீட்டும் தேயத் தேய வால்வு மேலே ஏறுகிறது, இடைவெளி குறைகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வந்த எஞ்சின்களில், தனி சீட் போடாமல் வார்ப்பிரும்பிலேயே சீட் வெட்டியிருந்தால், ஈயமில்லாப் பெட்ரோலில் நெடுநேரம் விரட்டி ஓட்டும்போது இது வேகமாக நடக்கலாம். அடிக்கடி டாப்பெட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது என்றால் சீட் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், குறித்துவையுங்கள்.

புல்லட் மாதிரி டெகம்ப்ரஷன் லிவர் உள்ள வண்டியில் அதன் கேபிளையும் இப்போதே பாருங்கள். லிவரில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். ஹேண்டிலைக் கோடிவரை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், திருப்பும்போது கேபிள் இழுபட்டு வால்வு லேசாகத் திறக்கிற வண்டிகள் உண்டு.

3. எஞ்சினைத் தயார் செய்வது

ஓடும் வண்டி என்றால் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். சூட்டில் பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் விரிந்து வேலை செய்யும் அளவுக்கு வந்திருக்கும், சுவரில் ஆயிலும் பரவியிருக்கும். ஓடாத வண்டியைக் குளிர்ந்தபடியே அளக்கலாம், தாளில் "குளிர்" என்று எழுதிவிடுங்கள். குளிர்ந்த எண்ணையும் சூடான எண்ணையும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றி உள்ள குழியைக் காற்றால் ஊதுங்கள். பழைய வண்டியில் அந்தக் குழி நிறைய மணல் இருக்கும், அதில் ஒரு துகள் உள்ளே விழுந்து வால்வு சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத கசிவை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஆயில் பூசி கறுப்பாகப் பளபளத்தால் ரிங் அல்லது வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) பக்கம் சந்தேகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அளவெடுப்பதை நிறுத்துங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல், பெட்ரோல் டேப்பும் திறந்தே கிடந்தால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கிச் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அப்போது நல்ல ரிங்கும் காற்றை விடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் கார்புரேட்டரைச் சரிசெய்து, எஞ்சின் ஆயிலை மாற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் பலமுறை கிக் அடித்து, அதன் பிறகு வாருங்கள். இப்படிப் பெட்ரோல் இறங்கிய எஞ்சினை அளந்து போர் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இக்னிஷன் சாவியை அணையுங்கள். பிளக்கைக் கேப்பில் மாட்டி, ஹெட்டில் இரும்பு தொடும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். மேக்னட்டிலும் சி.டி.ஐ.யிலும் (மின்னணு இக்னிஷன் யூனிட்) பொறி வெளியேற வழியில்லாமல் கிக் அடித்தால் காயிலோ யூனிட்டோ பழுதாகலாம். ஓட்டைக்குப் பக்கத்தில் பொறி வந்தால் அங்கிருந்து தெறிக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

4. அளப்பது

கேஜைக் கையால் இறுக்குங்கள், வாஷர் அல்லது ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், ஒன்றை விட்டுவைத்தால் கிக் வேகம் குறையும்.

சோக் மூடாமல் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடியுங்கள். புதியவர்களின் முதல் தப்பு இதுதான். ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் கார்புரேட்டர் ஸ்லைடு காற்றை அடைத்து நிற்கும், சிலிண்டருக்குள் காற்றே போகாது, போகாத காற்றை எப்படி அழுத்துவது? ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்த வண்டியில் முழுக்கத் திருகினாலும் ஸ்லைடு முழுதாக ஏறாது. ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இப்போது கிக்கரை மேலிருந்து கீழ்வரை முழுதாக, ஒரே வேகத்தில் அடியுங்கள். முள் மேலே ஏறுவது நிற்கும் வரை, பொதுவாக ஐந்திலிருந்து பத்து கிக். முதல் கிக்கில் முள் எங்கே வந்தது, கடைசியில் எங்கே நின்றது, இரண்டையும் எழுதுங்கள்.

முதல் கிக்கை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல எஞ்சினில் முதல் கிக்கிலேயே முள் பாதிக்கு மேல் போய்விடும், இரண்டு மூன்றில் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடும். ரிங் தேய்ந்ததில் முதல் எண் குறைவாக இருந்து ஒவ்வொரு கிக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வால்வு கசிவதில் முதலிலும் குறைவு, அதற்கப்புறமும் பெரிதாக ஏறாது. இது முடிவான சாட்சியம் இல்லை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும்.

கேஜில் காற்றை விட்டுவிட்டு மொத்தமாக மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டி வரவில்லையென்றால் கேஜ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது, கிக் அடிக்கும் விதம், கிக் ஸ்டார்ட் பல் வழுக்குவது, கிளட்ச் நழுவுவது இவற்றைப் பாருங்கள். கிளட்ச் நழுவும் வண்டியில் கிக்கர் இறங்கும், கிராங்க் முழுதாகச் சுற்றாது. கால் இலகுவாகக் கீழே போவதை வைத்துக் கம்ப்ரஷன் இல்லை என்று முடிவு கட்டும் இடமும் இதுவே.

5. வந்த எண்ணை எப்படிப் படிப்பது

நண்பர் வைத்திருக்கும் புது பைக் 170 காட்டியது, என்னுடையது 105தான் என்று பயப்படாதீர்கள். பழைய எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதமே குறைவு. 6.5:1 விகிதம் உள்ள ஒரு பெரிய சிங்கிள் நல்ல நிலையில் 100 பி.எஸ்.ஐ.யை (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) ஒட்டிக் காட்டினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 9:1 உள்ள எஞ்சின் அதே 100ஐக் காட்டினால் எங்கோ கசிகிறது. மேனுவலில் அழுத்தம் கொடுத்திருந்தால் அதுதான் அளவுகோல். சில மேனுவல்களில் கிலோ கணக்கில், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று இருக்கும், ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.

உயரமான இடத்தில் அளந்தால் எண் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான், கேஜ் எண்ணும் ஏறத்தாழ அதே அளவில் இறங்கும். தானியங்கி டெகம்ப்ரஷன் உள்ள எஞ்சின்களில் கிக் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு வேண்டுமென்றே கொஞ்சம் திறக்கப்படுகிறது, அவற்றில் இந்தச் சோதனை எப்போதும் குறைத்தே காட்டும். நேராக ஏழாவது படிக்குப் போங்கள்.

இரட்டை சிலிண்டரில் எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். இரண்டுக்கும் இடையில் 10 சதவீதம் வரை பொறுக்கலாம், 15-20 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்த பக்கத்தைத் தேட வேண்டும்.

எதிர்பார்த்ததைவிட அதிகம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி ஏறி இடத்தை அடைத்திருக்கும், அல்லது உள்ளே ஆயில் தேங்கியிருக்கும். தேய்ந்த ரிங்கை இந்த இரண்டும் சேர்ந்து மறைப்பதும் உண்டு.

6. ஆயில் விட்டுச் சோதிப்பது

எண் குறைவாக வந்தால் அடுத்தது இது. சிரிஞ்சில் எஞ்சின் ஆயில் எடுத்து, பிளக் ஓட்டை வழியாக சிலிண்டர் சுவரில் படும்படி விடுங்கள். 350 சிசிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. போதும். 100 சிசிக்கு 2 மி.லி.க்கு மேல் வேண்டாம்: 12.5 சிசி எரியறையில் 5 மி.லி. ஆயில் தங்கினால் மிச்சம் 7.5 சிசிதான், ரிங் எப்படியிருந்தாலும் எண் எகிறும், நீங்கள் ரிங்கைப் பழிப்பீர்கள்.

ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டு மூன்று முறை மெதுவாகக் கிக் அடியுங்கள், ஆயில் சுற்றிலும் பரவட்டும். துணி இல்லாமல் அடித்தால் சட்டை போச்சு. பிறகு முன்பு போலவே அளவு எடுங்கள்.

எண் நன்றாக ஏறினால், உதாரணமாக 70 இருந்தது 110 ஆனால், ரிங்கோ போரோதான். அசையவே இல்லை என்றால் வால்வு, ஹெட் கேஸ்கெட், டெகம்ப்ரஷன் வால்வு, பிளக் மரை இவற்றில் ஒன்று. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் பங்கு இருக்கிறது. பழைய வண்டியில் இது சகஜம். பிஸ்டனில் ஓட்டையோ வெடிப்போ இருந்தாலும் ஆயில் அதை அடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சினில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஹோண்டா கப், பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் போன்றவற்றில் ஆயில் முழுக்க அடிப்பக்கச் சுவரில் தேங்கும், மேல்பக்க ரிங் காய்ந்தே இருக்கும்.

7. காற்றை உள்ளே விட்டுக் காது கொடுத்துக் கேட்பது

என் கணக்கில் மொத்த வேலையிலும் அதிக விஷயம் சொல்வது இதுதான். கம்ப்ரஷன் கேஜ் எவ்வளவு குறைவு என்று சொல்லும், எங்கே போகிறது என்று சொல்லாது. வெளியிலிருந்து காற்றைச் செலுத்தினால் கசியும் இடமே சீறிக் காட்டிக்கொடுக்கும்.

லீக்-டவுன் டெஸ்டர் என்பது ஒரு ரெகுலேட்டர், நடுவில் ஒரு நுண்துளை, இருபுறமும் ஒவ்வொரு மீட்டர். ஒரு பக்கம் 100 பி.எஸ்.ஐ. கொடுத்து மறுபக்கம் 90 நின்றால் 10 சதவீதம் கசிவு. டெஸ்டர் இல்லையென்றாலும் சத்தம் கேட்கலாம்: பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, அந்த இரும்பு உடலில் ஒரு டியூப் வால்வைப் பற்றவைத்து, ஃபுட் பம்ப்பால் அடிக்கலாம். சதவீதம் கிடைக்காது, இடம் கிடைக்கும்.

பிஸ்டன் கம்ப்ரஷன் பக்கத்து டி.டி.சி.யில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். 70 மி.மீ. பிஸ்டன் மேல் 100 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 270 கிலோ விசை. டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை இன்னொருவர் மிதித்துப் பிடிக்க, கிராங்க்கில் மாட்டிய ஸ்பேனரைக் கட்டாயம் எடுத்துவிட்டு, கிக்கர் பக்கத்தில் கால் இல்லாமல், அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதல் முறை செய்பவர் 30-40 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொள்ளலாம், சத்தம் கேட்க அதுவே போதும்.

இனிக் காது. கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. டெகம்ப்ரஷன் வால்வு எக்ஸாஸ்ட் வழியில் திறக்கும் எஞ்சின்களில் அதன் கசிவும் சைலன்சரில்தான் கேட்கும், ஆகவே எக்ஸாஸ்ட் வால்வைக் குற்றம் சொல்லும் முன் டெகம்ப்ரஷனைக் கழற்றி அடைப்பு போட்டு மறுபடி கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியிலோ பிரீத்தர் குழாயிலோ சீறினால் ரிங். அங்கே எந்த எஞ்சினிலும் கொஞ்சம் சத்தம் வரும், ரிங் வாயில் இடைவெளி இருப்பதால் அது இயல்பு. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், கேஸ்கெட் போயிருந்தால் நுரை பூக்கும். அடாப்டர் அடியிலும் தடவ மறக்காதீர்கள். இரட்டை சிலிண்டரில் பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

வால்வு கசிகிறது என்று தெரிந்தால் உடனே ஹெட்டில் கை வைக்க வேண்டாம். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே டாப்பெட் மூடியைத் திறந்து, அந்த வால்வின் ராக்கர் மீது ஒரு மரக்கட்டையை வைத்து லேசாக இரண்டு தட்டு. "உஸ்" என்று ஒரு நொடி காற்று பீறிட்டு வால்வு மறுபடி அறைந்து மூடும், அந்த வேகத்தில் சீட்டில் சிக்கிய கரித்துண்டு பறந்துவிடலாம். சத்தம் குறைந்துவிட்டால் வேலை முடிந்தது.

10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல எஞ்சின். காற்றால் குளிரும் பழைய எஞ்சினில் 20 வரை நான் கவலைப்பட மாட்டேன். 30ஐத் தாண்டினால் திறக்க வேண்டியதுதான்.

கம்ப்ரஷன் கேஜ் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் காற்று எங்கேயும் கசியவில்லை. இப்படி வந்தால் குழம்ப வேண்டாம். எஞ்சின் காற்றைப் பிடித்துவைக்கிறது, ஆனால் சரியான நேரத்தில் உள்ளே வாங்கவில்லை என்று பொருள். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருக்கலாம், கேம் தேய்ந்து வால்வு போதிய அளவு திறக்காமல் இருக்கலாம், யாரோ முன்பு ரேஸ் கேம் போட்டிருக்கலாம். இல்லையென்றால் நான்காம் படியில் ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறக்கவில்லை.

8. டூ-ஸ்ட்ரோக் என்றால்

பழைய ஜாவா, ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றில் ஹெட்டில் வால்வு இல்லை, டாப்பெட் இல்லை. சிலிண்டர் கம்ப்ரஷன் குறைந்தால் ரிங், போர், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், பிளக் இவ்வளவுதான்.

இங்கே குழப்பம் வேறு இடத்தில். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்கும் தனியாக ஒரு அழுத்தம் உண்டு. கிராங்க் ஆயில் சீலோ சிலிண்டர் அடி கேஸ்கெட்டோ கசிந்தால் அந்த அழுத்தம் போகும், வண்டி இழுக்காது, ஆனால் கம்ப்ரஷன் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து ஐட்லிங்கில் தானாக எகிறும். கேஜ் நன்றாக இருந்தும் வண்டி சோர்ந்திருந்தால் ஹெட்டை விட்டுவிட்டு அங்கே பாருங்கள்.

சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பிஸ்டனையே பார்க்கலாம். ரிங் அந்தத் துளைக்கு நேரே வரும்படி பிஸ்டனை நிறுத்தி, ஒரு மரக்குச்சியால் ரிங்கை மெல்ல உள்ளே அழுத்துங்கள். விட்டதும் துள்ளி வெளியே வந்தால் ரிங் சுதந்திரமாக இருக்கிறது. அமுங்கவே இல்லை, அல்லது அமுங்கியது திரும்பி வரவில்லை என்றால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிங்குக்குக் கீழே பிஸ்டன் பக்கச் சுவர் பழுப்பேறியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. ஒரு நட்டைக்கூடக் கூடுதலாகத் தொடாமல் கிடைக்கும் தகவல் இது.

9. பல வருடம் நின்ற வண்டிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்

நின்றுபோன எஞ்சினில் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும், வால்வு சீட்டில் மெல்லிய துரு படியும். இரண்டுமே ஓடினால் சரியாகக்கூடியவை. பிளக் ஓட்டை வழியாகத் துரு நீக்கும் ஆயில் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள், தினம் கிராங்க்கை கையால் கொஞ்சம் அசையுங்கள். இறுகியிருந்தால் கிக்கரில் ஏறிக் குதிக்காதீர்கள், ரிங்தான் உடையும்.

பிளக்கை மாட்டும் முன் வெறும் ஓட்டையோடு பலமுறை கிக் அடித்து உள்ளே உள்ள ஆயிலை வெளியேற்றுங்கள். திரவம் அழுந்தாது. அது உள்ளே நிறைய இருக்கும்போது பிளக்கை மாட்டி உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும்.

ஓடத் தொடங்கியதும் ஆயிலை மாற்றி, நிதானமாக நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கவும். 60 காட்டிய எஞ்சின் 90க்கு ஏறி வருவதெல்லாம் நடக்கிற விஷயம்.

10. திறந்த பிறகு

இத்தனைக்கும் பிறகு திறக்கத்தான் வேண்டும் என்றால், எதைத் தேடித் திறக்கிறீர்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த எஞ்சினில், குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சூட்டில் ஒரே மூச்சாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும். கேஸ்கெட்டைத் துடைக்காமல் முதலில் பாருங்கள், காற்று போன இடத்தில் போர் விளிம்பிலிருந்து வெளியே ஒரு கறுப்புக் கோடு ஓடும். தட்டையான கண்ணாடி மேல் ஹெட்டைக் கவிழ்த்து, விளிம்பில் ஃபீலரை நுழையுங்கள். 0.05 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் ஹெட் முகத்தைச் சமன்செய்ய வேண்டும்.

வால்வைக் கழற்றும் முன் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி சில நிமிடம் வையுங்கள். எரியறைப் பக்கம் எந்த வால்வைச் சுற்றி ஈரம் கசிகிறதோ அதுதான். சீட்டில் சீரான சாம்பல் வளையம் இருந்தால் லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) போதும். வால்வு விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தாலோ, சீட் பள்ளமாக இறங்கியிருந்தாலோ, கைடில் வால்வு ஆடினாலோ லேப்பிங் பேஸ்ட்டைத் தேய்ப்பது வீண்.

போரை மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளக்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது மேலே, முதல் ரிங் நின்று திரும்பும் இடத்தில். நடுவில் மட்டும் அளந்து நல்ல போர் என்று சொல்வது இங்கே நடக்கும் பெரிய தப்பு. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, தேயாத அடிப்பகுதியிலும் மேலேயும் வாய் இடைவெளியைப் பாருங்கள். புது ரிங்குக்கு 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. என்பது பழைய வழக்கம், அதாவது 70 மி.மீ. போருக்கு 0.28 அளவில். தேய்ந்த ரிங்குக்கான எல்லை மேனுவலில் இருக்கும். மேலே உள்ள இடைவெளியும் அடியில் உள்ளதும் பெரிதாக வித்தியாசப்பட்டால் ரிங் மாற்றினால் தீராது.

போர் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலே ஒரு படி தட்டுப்பட்டால் அங்கே புது ரிங்கை மட்டும் போடாதீர்கள். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், புது ரிங்கின் கூரான ஓரம் அதில் மோதி உடையும். போர் செய்வதென்று முடிவானால் முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதை அளந்து, அதற்கேற்ற இடைவெளியில் போர் செய்யக் கொடுங்கள். 0.50 மி.மீ. ஓவர்சைஸ் என்று எழுதியிருக்கும் பிஸ்டன்கள் எல்லாம் ஒரே அளவாக வருவதில்லை.

பூட்டிய பிறகு ஒருமுறை சூடாக்கி, முழுக்கக் குளிரவிட்டு, மேனுவல் சொல்லும் முறுக்கத்தில் ஹெட் நட்டுகளைச் சரிபார்த்து, டாப்பெட்டை மறுபடி பாருங்கள், நட்டு இறங்கினால் டாப்பெட் மாறும். புது ரிங் பழகும் வரை கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மேனுவல் சொல்லும் ரன்னிங்-இன் தூரம் முடிந்ததும் சூடான எஞ்சினில், அதே கேஜில், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து அளந்து, முதல் கிக் எண்ணையும் கடைசி எண்ணையும் தேதியோடு மேனுவலின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள்.